அம்மாவின் இ.பி.எப். காசு அம்மாவின் கைக்கே வர: அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், சிம் மூன்றையும் ஒழுங்குபடுத்தும் முறை

மலையகத் தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருசம் கொழுந்து எடுத்தவரின் ஊழியர் சேமலாப நிதி (இ.பி.எப்.) இழுபடும்போது இணையத்தளத்தைக் குறை சொல்கிறோம். ஆனால் சிக்கல் அதற்கு எத்தனையோ காலம் முன்பே தொடங்கியிருக்கும். அடையாள அட்டையில் 'லெட்சுமி', தோட்டத்துப் பேர்ப் பதிவேடான செக்ரோலில் 'லெச்சமி', வங்கிப் புத்தகத்தில் 'லட்சுமி இராமசாமி', போனில் இருக்கும் சிம்மோ மருமகன் பேரில். தோட்ட ஆபீஸ் கிளாக்கருக்கு இவர்கள் எல்லாரும் ஒரே ஆள் என்று தெரியும். கணினிக்குத் தெரியாது. அதனால் கடுதாசி வேலையை முதலில் முடியுங்கள், போனைப் பிறகு கையில் எடுங்கள். ஊரில் இருக்கும் அம்மா அப்பாவுக்காகக் கொழும்பிலிருந்து ஓடித் திரியும் பிள்ளைகளுக்கும், தோட்டத்தில் மற்றவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பவர்களுக்கும் இது உதவும்.

எந்தக் காசு எந்தக் கதவில்

இ.பி.எப்., இ.டி.எப்., சேவைக்காலப் பணம் மூன்றையும் போட்டுக் குழப்புவது வழக்கம். இ.பி.எப். என்பது 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி நடப்பது. சம்பளத்தில் தொழிலாளி 8 வீதம், தோட்டம் 12 வீதம். காசையும் கணக்கையும் வைத்திருப்பது மத்திய வங்கி. மீளப்பெறும் விண்ணப்பத்தைப் பார்த்து முடிவு செய்வது தொழில் திணைக்களம். ஆகவே மீதியைக் கேட்கும் இடம் ஒன்று, விண்ணப்பம் கொடுக்கும் இடம் இன்னொன்று. இ.டி.எப். என்ற ஊழியர் நம்பிக்கை நிதி தனிச் சபை, அதற்குத் தோட்டம் மட்டும் 3 வீதம் கட்டுகிறது, தொழிலாளியிடம் பிடிப்பதில்லை. சேவைக்காலப் பணம் நேரே தோட்டத்திடம் வாங்க வேண்டியது: ஐந்து வருசம் வேலை செய்த நாட்கூலித் தொழிலாளிக்கு, முடித்த ஒவ்வொரு வருசத்துக்கும் 14 நாள் சம்பளம், கடைசியாக வாங்கிய வீதத்தில்.

இ.பி.எப். எடுக்கும் வயது ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50. 2021இல் வந்த சட்டம் குறைந்தபட்ச ஓய்வு வயதை 60 ஆக்கியதும், இ.பி.எப். வயதும் 60 ஆகிவிட்டது என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். அப்படி இல்லை. அந்தச் சட்டம் தொழிலாளியை வயதைக் காட்டி வேலையிலிருந்து அனுப்புவதைப் பற்றியது.

ஒரு கொப்பித் தாள், ஐந்து நிரல்

எந்த ஆபீசுக்கும் போவதற்கு முன் வீட்டில் செய்ய வேண்டிய வேலை இது. கோடு போட்ட தாள் ஒன்றில் ஐந்து நிரல் போடுங்கள்: அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், இ.பி.எப். அட்டை அல்லது கணக்குக் கூற்று, வங்கிப் புத்தகம், சிம். பக்கவாட்டில் முழுப்பெயர், தகப்பன் அல்லது கணவன் பெயர், பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம், முகவரி. கடுதாசியைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து அப்படியே இறக்குங்கள். ஞாபகத்திலிருந்து எழுதினால் நீங்களே திருத்தி எழுதிவிடுவீர்கள், பிழை கண்ணில் படாது. சிங்களத்தில் இருப்பதை வாசிக்கத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மலையகத்தில் வழங்கப்பட்ட பழைய லெமினேட் அட்டைகளில் பெரும்பாலும் பெயர் சிங்களத்தில்தான் இருக்கும். மும்மொழி அட்டை 2017இல்தான் வந்தது. தமிழ்ப் பெயர் சிங்களத்துக்குப் போய், அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போய், திரும்பித் தமிழுக்கு வரும்போது 'லெட்சுமி' 'லெச்சமி' ஆவதில் ஆச்சரியம் இல்லை.

இலக்கத்தில் தனிக் கவனம் வேண்டும். 2016க்கு முந்திய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும். அதற்குப் பிறகு பன்னிரண்டு இலக்கம். வங்கி புதிய இலக்கத்தையும் தோட்டம் பழையதையும் வைத்திருந்தால், இரண்டும் வேறு வேறு ஆள் மாதிரித் தெரியும். பழையதைப் புதியதாக்கும் விதி எளிது: முன்னால் 19 சேருங்கள், முதல் ஐந்து இலக்கத்துக்கு அடுத்து ஒரு 0 போடுங்கள், மிச்ச நான்கையும் அப்படியே எழுதுங்கள், கடைசி எழுத்தை விடுங்கள். 58564 என்று தொடங்கும் பழைய இலக்கம் 19585640 என்று தொடங்கும்.

அந்த இலக்கத்துக்குள்ளேயே பிறந்த திகதியும் இருக்கிறது. முதல் இரண்டு இலக்கம் வருசம், அடுத்த மூன்றும் அந்த வருசத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் நாளோடு 500 கூட்டப்பட்டிருக்கும். 58564 என்றால் 1958இல் பிறந்த பெண், 64ஆவது நாள். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள்: இந்தக் கணக்கில் பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள், லீப் வருசமாக இல்லாவிட்டாலும். ஜனவரி 31, பெப்ரவரி 29, கூட்டினால் 60. ஆகவே 64ஆவது நாள் மார்ச் 4. சாதாரணக் கலண்டரில் எண்ணினால் மார்ச் 5 வரும், அட்டை பிழை என்று நினைத்துவிடுவீர்கள். ஒரு நாள் வித்தியாசம் மட்டும் வந்தால் முதலில் உங்கள் எண்ணலைச் சரிபாருங்கள். மாதக்கணக்கில் வித்தியாசம் வந்தால் அட்டையிலோ பிறப்புச் சான்றிதழிலோ உண்மையான பிழை இருக்கிறது.

திருத்துவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு

அடையாள அட்டைதான் முளைக்கம்பு. மற்றதெல்லாம் அதில் கட்டப்பட்டவை. அட்டையே பிழை என்றால் முதலில் அதைத் திருத்துங்கள். அதை விட்டுவிட்டு வங்கிப் புத்தகத்தைத் திருத்தினால், அட்டை மாறிய அன்றே மறுபடியும் வங்கிக்கு நடக்க வேண்டும். அட்டை, பிறகு வங்கி, பிறகு சிம், பிறகு இ.பி.எப்., இ.டி.எப். பதிவுகள், கடைசியாக இணையக் கணக்கு.

அட்டைத் திருத்த விண்ணப்பத்தைத் தோட்டத்தில் குடியிருப்போருக்குத் தோட்ட அதிகாரியும், வெளியே இருப்போருக்குக் கிராம உத்தியோகத்தரும் உறுதிப்படுத்துவார்கள். அது பிரதேச செயலகம் வழியாக ஆட்பதிவுத் திணைக்களத்துக்குப் போகும். படத்தைப் பதிவுசெய்யப்பட்ட ஸ்டூடியோவில் எடுக்க வேண்டும். ஸ்டூடியோ அதைக் கணினி வழியாகத் திணைக்களத்துக்கே அனுப்பி உங்களுக்கு ஒரு பற்றுச்சீட்டு தரும். அந்தப் பற்றுச்சீட்டைத் தொலைத்தால் படம் இருந்தும் இல்லாத கதைதான்.

பிறப்புச் சான்றிதழே இல்லாத மூத்தவர்கள் தோட்டங்களில் இன்னும் இருக்கிறார்கள். 1948இல் குடியுரிமை பறிபோய், 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை நாடற்றவராக இருந்த பரம்பரையின் கடுதாசிகள் எப்படி முழுமையாக இருக்கும்? அவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் உண்டு. அதிலுள்ள திகதியும் அட்டையிலுள்ள திகதியும் ஒன்றா என்பதை மட்டும் பாருங்கள். 'உண்மையில் எப்போது பிறந்தார்' என்ற ஆராய்ச்சியைக் கவுண்டரில் தொடங்காதீர்கள்.

எழுத்து வித்தியாசம் மட்டும்தான் என்றால், 'இந்த இரண்டு பெயராலும் அழைக்கப்படுபவர் ஒருவரே' என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி ஒன்று முடித்து வையுங்கள். வேறுபடும் எல்லா எழுத்து வடிவங்களையும் அந்த ஒரே கடதாசியில் போட்டுவிடுங்கள். இரண்டை மட்டும் எழுதி, மூன்றாவது வடிவம் வேறொரு ஆபீசில் தலைகாட்டியதால் திரும்பப் போனவர்கள் ஏராளம். ஆனால் சத்தியக் கடதாசி ஒரு பாலம்தான். கணினியிலுள்ள பதிவு அதனால் மாறாது. அடுத்த ஆபீசில் மறுபடியும் காட்ட வேண்டும்.

பழைய அங்கத்துவ இலக்கங்கள்

இ.பி.எப். இலக்கம் ஒற்றை இலக்கம் அல்ல. வலய எழுத்து, தொழில்தருநர் இலக்கம், அங்கத்துவ இலக்கம் என்று துண்டு துண்டாக இருக்கும். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போயின. அரசுத் தோட்டங்களை நடத்திய ஜனவசம சபையின் காலத்தில் வேலைக்குச் சேர்ந்து கம்பனி காலத்தில் ஓய்வுபெற்ற ஒருவருக்கு, தோட்டத்தை விட்டு அசையாமலேயே இரண்டு கணக்கு இருக்கலாம். கல்யாணம் கட்டி வேறு தோட்டத்துக்குப் போன பெண்ணுக்கு அதற்கு மேலும் இருக்கும். புதிய கணக்கை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு பழையதை மறந்துவிடுவது மலையகத்தில் பெரிய நட்டம்.

வேலை செய்த தோட்டங்களை வருசவாரியாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பழைய சம்பளத் துண்டு, பி அட்டை என்ற இ.பி.எப். அங்கத்துவ அட்டை, மத்திய வங்கி அனுப்பிய கணக்குக் கூற்று என்று எது அகப்பட்டாலும் அதிலுள்ள இலக்கத்தைக் குறியுங்கள். துண்டும் இல்லை, கூற்றும் இல்லை என்றால் தோட்ட ஆபீசில் செக்ரோல் பார்த்துச் சேவைக் கடிதம் கேளுங்கள். பிறகு ஹட்டன், நுவரெலியா, பதுளை என்று உங்களுக்குக் கிட்டிய தொழில் அலுவலகத்தில் எல்லா இலக்கத்தையும் ஒரே அடையாள அட்டை இலக்கத்தின் கீழ் சேர்க்கச் சொல்லி எழுத்தில் கொடுத்து, திகதி முத்திரையோடு ஒரு பிரதி வாங்குங்கள்.

துண்டில் பிடித்த காசு கூற்றில் இல்லாமல் போவதும் உண்டு. தோட்டம் கட்டாமலே விட்டிருக்கலாம். கட்டியும் அங்கத்துவ இலக்கத்தில் ஒரு எண் பிசகி வேறொருவர் கணக்கில் விழுந்திருக்கலாம். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: அந்த மாதத்துச் சம்பளத் துண்டு. லயத்துக் கூரை ஒழுகும், கறையான் வரும். துண்டுகளை பிளாஸ்டிக் பையில் போட்டு, ஒவ்வொரு வருசமும் படம் எடுத்து வையுங்கள். மெழுகுத்தாள் போன்ற ஏடிஎம் துண்டு இரண்டொரு வருசத்தில் வெளுத்துவிடும், அதற்குப் படம்தான் கதி.

வங்கிக் கணக்கு

காசு நேரே வங்கிக்குத்தான் போகும். கணக்கு அவர் பேரில் மட்டும் இருக்கட்டும். மகனோடு சேர்ந்த கூட்டுக் கணக்கு வேண்டாம். நீண்ட காலம் தொடாத கணக்கை வங்கி செயலற்றதாக வைத்திருக்கும், வந்த காசு திரும்பிப் போகும். விண்ணப்பத்துக்கு ஒரு மாதம் முன் நூறு ரூபாய் போட்டு, புத்தகத்தைப் பதிந்து பாருங்கள்.

கடனுக்கு ஈடாக ஏடிஎம் காட்டை இரகசிய இலக்கத்தோடு கடைக்காரரிடம் கொடுத்து வைப்பது தோட்டப்புறத்தில் புதிதல்ல. அப்படியொரு காட் வெளியே கிடக்கிறதென்றால் அந்தக் கணக்கை விண்ணப்பத்தில் எழுதாதீர்கள். வங்கியில் சொல்லிப் பழைய காட்டை நிறுத்துங்கள், அல்லது வேறு கணக்கு திறவுங்கள். கடனைத் தனியாகப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். வாழ்நாள் காசை அதே பைக்குள் போடக் கூடாது.

போன், ஓடிபி, கைரேகை

ஸ்மார்ட் போன் தேவையில்லை. ஒரு தடவை மட்டும் செல்லும் இரகசிய இலக்கமான ஓடிபி, பட்டன் போனுக்கே குறுஞ்செய்தியாக வரும். தேவையானது அவருடைய பேரில், அவருடைய அடையாள அட்டையில் பதிந்த சிம். யார் பேரில் இருக்கிறது என்று சந்தேகம் இருந்தால் டயலொக், மொபிட்டல், ஹட்ச் எதுவானாலும் அந்தக் கம்பனிக் கிளைக்கு அசல் அட்டையோடு ஆளையே கூட்டிப்போங்கள். காசு போடாமல் கிடக்கும் சிம் ஒருநாள் துண்டிக்கப்படும். அந்த இலக்கம் பின்னால் வேறொருவருக்குப் போனால் ஓடிபியும் அவருக்கே போகும்.

ஓடிபி வராததற்கு மலைதான் முதல் காரணம். சிக்னல் இல்லாத தோட்டப் பிரிவில் (டிவிஷனில்) குறுஞ்செய்தி வழியில் காத்துக் கிடக்கும். அதற்குள் அதன் ஆயுள் முடிந்துவிடும். பொறுமையிழந்து 'மீண்டும் அனுப்பு' என்பதை நாலைந்து தடவை அழுத்துவார்கள். ஒவ்வோர் அழுத்தலும் முந்தியதைச் செல்லாததாக்கும். பிறகு நான்கும் ஒன்றாக வந்து விழும், முதலாவதைப் பார்த்து அடித்தால் பிழை என்று சொல்லும். சிக்னல் உள்ள மேட்டுக்குப் போய், ஒரு தடவை அழுத்தி, இரண்டு மூன்று நிமிடம் காத்திருந்து, கடைசியாக வந்ததை மட்டும் அடியுங்கள்.

பேரப்பிள்ளையின் போனில் பாட்டியின் கணக்கைத் திறந்து 'கைரேகையால் நுழை' என்பதைப் போட்டுவிடாதீர்கள். அந்தப் போனில் யார் யார் விரல் பதிந்திருக்கிறதோ அத்தனை பேரும் உள்ளே போகலாம். கடவுச்சொல்லை எழுதி வைக்கக் கூடாது என்பது நகரத்துப் புத்திமதி. அறுபத்தைந்து வயதுக்காரருக்கு, யாரும் ஊகிக்க முடியாத நாலு சொல்லைக் கோர்த்து, ஒரு தாளில் எழுதி, பெட்டிக்குள் சேலைக்கு அடியில் வைப்பது '1234'ஐவிட எவ்வளவோ பாதுகாப்பு. வங்கிக் காட்டின் இரகசிய இலக்கம் மட்டும் அந்தத் தாளில் வேண்டாம்.

கைரேகை தனிக் கதை. நாட்டில் இந்திய உதவியோடு கட்டப்படும் டிஜிட்டல் அடையாளத் திட்டம் விரல், கருவிழி, முகம் மூன்றையும் பதிவதாகத்தான் வடிவமைக்கப்பட்டது. கருவிழியும் முகமும் அதில் இருப்பது கொழுந்து எடுத்த கைகளுக்கு நல்லது. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் வருசக்கணக்கில் தண்டை ஒடித்து ஒடித்துத் தேய்ந்து, தேயிலைச் சாயம் ஏறி, வெடிப்பு விழுந்திருக்கும். கருவி ரேகைக் கோட்டைத் தேடும், அங்கே கோடு இருக்காது. குளிரில் விரல் வரண்டால் இன்னும் மோசம்.

இதற்குச் செய்யக்கூடியது: முதல் நாளிரவு கையை இளஞ்சூட்டு வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, சாயம் போகத் தேய்த்துக் கழுவி, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் பூசிப் படுக்கச் சொல்லுங்கள். காலையில் சவர்க்காரம் போட்டு எண்ணெய் முழுக்கப் போகக் கழுவ வேண்டும். எண்ணெய் மிஞ்சினால் கருவியின் கண்ணாடியில் வெறும் கறைதான் விழும். ஆபீசில் கையை உரசிச் சூடாக்கி, மோதிர விரலையும் சின்ன விரலையும் முதலில் வைத்துப் பார்க்கக் கேளுங்கள். கொழுந்து எடுக்கும்போது அவை அதிகம் தேய்வதில்லை. அழுத்தி வைக்க வேண்டாம். அழுத்தினால் கோடுகள் நசுங்கி ஒன்றோடொன்று ஒட்டிவிடும். கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரல் வைப்பவர் என்றால் மை மெல்லிசாக இருக்கட்டும்.

கொமினிகேஷன் கடையிலும் உதவி மேசையிலும்

தொழிற்சங்கக் காரியாலயமோ, கோயில் மண்டபமோ, எங்கே உதவி மேசை போட்டாலும் ஆபத்து ஒன்றுதான்: எல்லாருடைய அட்டைப் படமும் ஒரே கணினியில் குவிவது. கணினியில் விருந்தினர் கணக்கில் வேலை செய்யுங்கள். ஸ்கேன் 300 டிபிஐ போதும். அதற்கு மேல் போனால் கோப்பு பெருத்துப் பதிவேற்றம் அறுந்துவிடும். வேலை முடிந்ததும் பதிவிறக்கக் கோப்புறையையும் குப்பைத்தொட்டியையும் அந்த ஆளின் கண்முன்னே காலி செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் அட்டைப் படம் வாங்காதீர்கள், குழுவில் போடவே போடாதீர்கள். மின்னஞ்சல் திறந்துகொடுக்கும்போது மீட்பு இலக்கமாகக் கடையின் போனைக் கொடுப்பது நல்ல மனசோடுதான் நடக்கும். ஆனால் கடை மூடினால் அம்மாவின் சாவியும் அதோடு போய்விடும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்ற ஒன்று இருக்கிறது என்பதும் மேசையில் இருப்பவருக்குத் தெரிந்திருக்கட்டும்.

போட்டோப் பிரதி கொடுக்கும்போது அதன் குறுக்கே பேனாவால் 'இ.பி.எப். விண்ணப்பத்துக்கு மட்டும்' என்று திகதியோடு எழுதுங்கள். படமும் இலக்கமும் மறையக் கூடாது. அந்தப் பிரதியை வைத்து இன்னொரு இடத்தில் சிம் எடுக்கப் பார்ப்பவருக்கு அது முட்டுக்கட்டை.

'உங்கள் இ.பி.எப். போனஸ் வந்திருக்கிறது, இங்கே தட்டுங்கள்' என்று வரும் செய்தி பொய். விண்ணப்பத்தை விரைவுபடுத்தித் தருகிறேன், வருவதில் இத்தனை வீதம் கொடு என்பவரும் அதே இனம். போனில் யாராவது ஓடிபி கேட்டால், தன்னைத் தொழில் திணைக்களம் என்று சொன்னாலும் வங்கி என்று சொன்னாலும், பதில் பேசாமல் போனை வையுங்கள். ஏமாந்துவிட்டால் முதல் அழைப்பு வங்கிக்கு, கணக்கை நிறுத்த; இரண்டாவது 101, இணையப் பாதுகாப்பைப் பார்க்கும் இலங்கை சேர்ட். அரச சேவைகள் பற்றிய பொதுவான கேள்விக்கு 1919 அடிக்கலாம், தமிழிலும் பேசலாம். ஆசிரியர், ரயில்வே என்று அரசாங்க ஓய்வூதியம் எடுப்பவர்களின் கதவு வேறு: அவர்களுக்கு ஓய்வூதியத் திணைக்களம், இலக்கம் 1970.

விண்ணப்பிக்கும் நாள்

இ.பி.எப். மீளப்பெறும் விண்ணப்பமான கே படிவம், அசல் அடையாள அட்டையும் பிரதியும், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கப் பிரதி, வேலை விட்ட கடிதம், பி அட்டை, சத்தியக் கடதாசி இருந்தால் அதுவும். ஆளை நேரில் கூட்டிப்போங்கள். ஐந்து நிரல் தாளையும் கையில் எடுத்துப்போங்கள். கேட்கும் கேள்வி பாதிக்கு அதிலேயே பதில் இருக்கும். அங்கத்தவர் இறந்தால் காசு பெறும் பின்னுரித்தாளியாக யார் பெயர் இருக்கிறது என்பதையும் அன்றே கேளுங்கள். கல்யாணத்துக்கு முன் தாயின் பெயரைக் கொடுத்துவிட்டு நாற்பது வருசம் மறந்திருப்பவர்கள் உண்டு. இன்னும் வேலையில் இருப்பவர் என்றால் அதை உடனே மாற்றலாம்.

கையளித்ததும் தரும் குறிப்பு இலக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். காசு விழுந்த குறுஞ்செய்தி வந்ததும் முதலில் புத்தகத்தைப் பதிந்து, தொகையைக் கணக்குக் கூற்றோடு ஒப்பிடுங்கள். குறைந்தால் எந்த அங்கத்துவ இலக்கத்தின் காசு வரவில்லை என்று பார்த்து, முத்திரை வைத்த அந்தப் பிரதியோடு அதே அலுவலகத்துக்குத் திரும்பப் போங்கள்.